பசை வாசனை பார்த்து இயந்திரம் வாங்கியவர்

பெரிய நிறுவனங்கள், பொருளாதாரம் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே ஆள் வைத்திருக்கின்றன. அந்த ஆட்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து, வளைந்து நெளிந்து போகும் கோடுகளை நாளெல்லாம் உற்றுப் பார்த்து, கடைசியில் "ஏறினாலும் ஏறலாம், இறங்கினாலும் இறங்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்த வரலாற்றின் நாயகருக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு மூக்கு.

அவர் ஸ்பிரிங் செய்கிறவர். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரு பக்கம் கம்பிச் சுருள் நுழையும். மறுபக்கம் ஸ்பிரிங்குகளாகத் தட்டில் கொட்டும். வீட்டுக் கதவைச் சாத்தும்போது பூட்டின் நாக்கு தானாக வெளியே வந்து விழுகிறதே, அதைத் தள்ளிவிடுவது இந்தச் சாமான்தான். ஊரில் பாதிப் பேர் நிம்மதியாகத் தூங்குவது தன்னால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு அந்த விஷயம் தெரியாது.

தெருவில் அவருக்கு 'வானிலை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. காலையில் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் அவர் உள்ளே போகமாட்டார். முற்றத்தில் நின்று, இடது பக்கத்துச் சுவரை நோக்கி முகத்தை உயர்த்தி, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு பின்னால் நிற்கும் மேஸ்திரியிடம் அன்றைய அறிக்கையை வெளியிடுவார்.

"இன்னைக்குப் பரவாயில்ல மேஸ்திரி. வாரக் கடைசியில கொஞ்சம் மந்தமாகும்."

"சரிங்க மொதலாளி," என்பார் மேஸ்திரி. அவருக்கு ஷட்டர் திறந்தால் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. அங்கே தினமும் காலையில் அண்டா நிறையப் பசை காய்ச்சுவார்கள். அந்த வாசனையை வைத்து வானிலை ஒரு சித்தாந்தமே கட்டியிருந்தார். "சோப்பு விக்கிறவனுக்கும் பெட்டி வேணும், செருப்பு விக்கிறவனுக்கும் பெட்டி வேணும். பெட்டின்னா பசை. பசை தூக்கலா வாசனை வந்தா நாட்டுல வியாபாரம் நடக்குதுன்னு அர்த்தம். வாசனை மெலிஞ்சா எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம்." குளுகுளு அறைக் கோடுகளோடு ஒப்பிட்டால் இதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. ஜலதோஷம் பிடித்த நாட்களில் மட்டும் உலகப் பொருளாதாரம் படுத்துவிடும்.

"பக்கத்துலதான இருக்காரு, வாய்விட்டுக் கேக்கறதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க முடியாது. பெட்டித் தொழிற்சாலைக்காரர் அவருக்குச் சம்பந்தி. இவருடைய மகளை அவருடைய மகன் கட்டியிருக்கிறார். இருவரும் வேறு ஊரில், ஸ்பிரிங்கும் பெட்டியும் கண்ணில் படாத தூரத்தில் நல்லபடியாக வாழ்கிறார்கள். சம்பந்திகள் ஒருவரை ஒருவர் தொழில் விசாரிப்பதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. "எப்படிப் போகுது சம்பந்தி?" "ஏதோ ஓடுது." நன்றாகப் போகிறது என்று சொன்னால் ஏதாவது கேட்டுவிடுவார்கள், மோசம் என்று சொன்னால் மதிப்புப் போய்விடும். ஆகவே இருவரும் பல வருடங்களாக ஏதோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நடுவே ஒரு சுவர் வைத்து.

இனி, பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மா என்பது பட்டறையின் நடுவே நின்ற ஸ்பிரிங் இயந்திரம். அங்கிருந்த எல்லாரையும்விட வயதில் மூத்தது, யார் சொன்னாலும் கேட்காதது, தினமும் எண்ணெய் விடாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அதனால் அந்தப் பெயர். உள்ளே பல்லெல்லாம் தேய்ந்து, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் 'டக்கு... டடக்கு' என்று சுவர் அதிர ஒரு சத்தம் போடும். பத்து ஸ்பிரிங் போட்டால் இரண்டு நீளம், இரண்டு குட்டை, ஒன்று என்ன வடிவம் என்று சொல்ல முடியாது. மீதி தேறும். தேறாததைப் பழைய இரும்பில் கொட்டிவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மறுபடி மறுபடி ஓட்டினால்தான் ஆர்டர் நிறையும்.

ஆர்டர் என்றால் ஒரே ஆர்டர்தான்: பூட்டுக் கம்பெனி. பட்டறையில் வேலை செய்யும் பதினான்கு பேரின் குடும்பங்களும் சாப்பிடுவது அதில்தான். அந்தக் கம்பெனியில் சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்த மேடம் ஒரு நாள் நேரில் வந்தார். கைப்பையிலிருந்து அளவுக் கருவியை எடுத்து, ஒரே பெட்டியிலிருந்து ஏழெட்டு ஸ்பிரிங்கை அளந்து மேசையில் வரிசையாக நிறுத்தினார். படிக்கட்டு மாதிரி இருந்தது.

"சார், இதெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு."

வானிலை அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு இரட்டைப் பிள்ளைங்க வேணும் சார். எல்லாம் ஒரே அச்சு. எங்க பூட்டை இப்ப மெஷின்தான் சேர்க்குது. அது உங்க ஸ்பிரிங்கைப் பாத்து அண்ணனா தம்பியான்னு விசாரிக்காது, அப்படியே நின்னுடும். மாசக் கடைசிக்குள்ள புது மெஷின் போடுங்க. இல்லன்னா நான் வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

புது இயந்திரம் என்ற பேச்சு வானிலைக்குப் புதிதல்ல. கணினி சொல்கிறபடி கம்பியை வளைக்கும் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும் என்று அவர் பல வருடங்களாகத் தீர்மானமாக இருந்தார். ஒரு வருடம் எஃகு விலை ஏறியது. ஏறுகிற நேரத்தில் கை வைக்கக் கூடாது என்றார். அடுத்த வருடம் இறங்கியது. இன்னும் இறங்கட்டும் என்றார். அதற்கடுத்த வருடம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுதான் தனக்கு மிகவும் சந்தேகமாக இருக்கிறது என்றார்.

இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இளமையில் ஒரே ஒரு முறை அவர் துணிந்தார். தெருவிலேயே முதல் ஆளாக ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கினார். அது வந்து இறங்கிய சூட்டோடு சூடாக, அவருக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் எல்லாரும் மின்னஞ்சலுக்குப் போய்விட்டார்கள். ஃபேக்ஸில் அவருக்கு வந்தது ஒரே ஒரு தாள். யாருக்கோ போக வேண்டிய பல் மருத்துவர் விளம்பரம். அந்த இயந்திரம் இன்னும் அலுவலக அறையில் இருக்கிறது. அவர் மனைவி அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைப்பார். அளவு கச்சிதமாகப் பொருந்தும்.

மனைவிதான் அலுவலகம். கணக்கு, தொலைபேசி, வருகிறவர்களை உட்காரச் சொல்வது, உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்புவது எல்லாம் அவர்தான். மேடம் போனதும் சொன்னார்:

"இனிமேயும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுங்க."

"பிடிச்சுக்கிட்டு எங்க உக்காந்தேன்? திறந்துதானே வச்சிருக்கேன்."

"அதுதான் தொந்தரவே."

இயந்திரம் விற்கிற இளைஞரை வரவழைத்தார்கள். அவரிடம் தயாராக ஒன்று இருந்தது. வேறு யாரோ ஒரு முதலாளி, காலம் சரியில்லை என்று கடைசி நேரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "ஆகா, அவர் விஷயம் தெரிஞ்சவர்," என்று வானிலை தொடங்கினார். மனைவி டப்பாவை ஃபேக்ஸின்மேல் 'நங்' என்று வைத்தார். பேச்சு அங்கேயே நின்றது. வங்கியில் கடனுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பாக்கி ஒரே ஒரு 'சரி'.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன் சார்," என்றார் இளைஞர். "அப்புறம் வரிசையில இன்னொருத்தர் நிக்கிறாரு."

"வெள்ளிக்கிழமை காலையில நிலவரம் பாத்துட்டுச் சொல்லிடறேன் தம்பி."

வியாழன்வரை வாசனை சுமாராக வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வானிலை முற்றத்தில் நின்று மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி இழுத்தார். காற்று வந்தது, வெறும் காற்று. சுவரோடு சுவராக நெருங்கிப் போய், செங்கல்லில் மூக்கு உரச இழுத்தார். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

"மேஸ்திரி, உங்களுக்கு ஏதாவது வருதா?"

"தும்மல் வருதுங்க."

வானிலை அலுவலக அறைக்குள் வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முடிஞ்சு போச்சு," என்றார் மனைவியிடம். "ஒரு சொட்டுப் பசை காய்ச்சல. ஒரு பெட்டி ஒட்டல. நாட்டுல ஒருத்தன்கூட எதையும் விக்கல. இந்த நேரத்துல கடன் வாங்கி மெஷின் போட்டா, பட்டறையோட சேத்து நம்மளையும் பெட்டியில போட்டு ஒட்டிடுவாங்க. அதுக்கும் பசை இல்ல. அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு."

"அப்ப பூட்டு ஆர்டர்?"

"போனாப் போகட்டும். நாடே போகுது."

"பதினாலு பேரு?"

வானிலை ஜன்னல் வழியாகப் பெரியம்மாவைப் பார்த்தார். அது டக்கு டடக்கு என்றது. மேஸ்திரி சம்மட்டியை எடுத்து அதன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினார். டடக்கு டக்கு என்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வானிலை தலையைத் திருப்பிக்கொண்டார்.

பத்து மணிக்கு மேல் அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. நாடு போகட்டும், சம்பந்தி என்ன ஆனார்? பசை காய்ச்சாத பெட்டித் தொழிற்சாலை என்றால் மனிதர் நொடித்துப்போயிருக்க வேண்டும். மகள் புகுந்த வீடு. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. கடைக்குப் போய் ஒரு பை ஆரஞ்சு வாங்கினார். தலையை ஒட்ட வாரிக்கொண்டார். துக்கம் விசாரிக்கப் போகிறவரின் நடையில், செருப்புச் சத்தம் கேட்காமல் பக்கத்துத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார்.

சம்பந்தி அலுவலகத்தில் இருந்தார். பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"வாங்க சம்பந்தி. என்ன விஷயம்? பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல?"

"அவங்க நல்லா இருக்காங்க." வானிலை ஆரஞ்சை மேசையில் வைத்து, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க தைரியமா இருங்க சம்பந்தி. இது எல்லாருக்கும் வர்றதுதான்."

சம்பந்தி திகைத்தார். சென்ற வாரம்தான் அவர் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். "உங்ககிட்ட டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று மெல்லக் கேட்டார்.

"டாக்டர் எதுக்குச் சொல்லணும்? எனக்கே தெரியுதே. காலையில சுவர்கிட்ட வந்தேன். ஒண்ணும் இல்ல. அப்படியே ஓய்ஞ்சு கிடக்கு."

"எது ஓய்ஞ்சு கிடக்கு?"

"பசை, சம்பந்தி. பசை."

சம்பந்தி பிடித்த கையை விடாமல் அப்படியே அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அண்டா இருந்த இடத்தில் அண்டா இல்லை. அங்கே ஒரு பேருந்து நீளத்துக்கு வெள்ளை இயந்திரம் ஒன்று நின்றது. ஒரு முனையில் தட்டையான அட்டை போனது. மறுமுனையில் பெட்டி பெட்டியாக வந்து விழுந்தது. அரிசி மணி மாதிரி ஏதோ ஒன்றை ஓர் ஆள் மேலே கொட்டிக்கொண்டிருந்தார். அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த அதே ஆள்தான். இப்போது ஷூ போட்டிருந்தார். போட்டுப் பழக்கமில்லை போலும், கால் மாற்றிக் கால் நின்றார்.

"அதுதான் பசை," என்றார் சம்பந்தி. "உள்ளயே உருகி உள்ளயே ஒட்டிடும். அண்டா இல்ல, அடுப்பு இல்ல, வாசனை இல்ல. நேத்து ராத்திரியோட அண்டாவை இறக்கியாச்சு."

"இவ்வளவு பெருசு எப்ப வந்துச்சு? எனக்குச் சத்தமே கேக்கலையே?"

"பின்பக்கத் தெரு வழியா இறக்கினோம். உங்க பட்டறை போடற சத்தத்துல எங்க சத்தம் எங்க கேக்கப்போகுது?"

வானிலை, சம்பந்தி முறையையும் மறந்து கேட்டுவிட்டார். "காலம் இருக்கிற இருப்புல, எந்தத் தைரியத்துல இதை வாங்கினீங்க?"

சம்பந்தி கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தார். "உங்களைப் பாத்துத்தான். பாத்துன்னா, கேட்டுத்தான். விடிஞ்சா டக்கு டடக்குன்னு ஆரம்பிச்சா, பொழுது சாயற வரைக்கும் ஓயாம அடிக்குது உங்க மெஷின். போன வருஷத்தைவிட இந்த வருஷம் இன்னும் அதிகம். சம்பந்தி இந்தப் போடு போடறாருன்னா நாட்டுல வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுதுன்னு அர்த்தம், நாம மட்டும் அண்டாவைக் கட்டிக்கிட்டு அழறோமேன்னு தோணுச்சு. வாங்கிட்டேன்."

பெரியம்மா போன வருடத்தைவிட அதிகமாக அடித்தது உண்மை. போன வருடத்தைவிட அதிகமாகப் பல் தேய்ந்திருந்ததும் உண்மை. பாதி சரக்கு பழைய இரும்புக்குப் போவதால்தான் பொழுது சாயும்வரை ஓட வேண்டியிருக்கிறது என்பதைச் சம்பந்தியிடம் சொல்வதா வேண்டாமா என்று வானிலை யோசித்தார்.

"ஆர்டர் எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"ஏதோ ஓடுது," என்றார் சம்பந்தி. அவருக்குப் பின்னால் லாரியில் இடமில்லாமல் பெட்டிகளைக் கூரைமேல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வானிலை அதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் பட்டறைக்குத் திரும்பினார். ஒரு செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

"போனை எடு. அந்தத் தம்பிகிட்டப் பேசு. மெஷின் வேணும்னு சொல்லு. அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டானான்னு கேளு. கொடுத்திருந்தா அந்த ஆளு நம்பர் வாங்கு, நான் அவர் கால்ல விழறேன்."

மனைவி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை.

"வேணாம்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றார்.

"காலையிலயே சொல்லச் சொன்னேனே?"

"சொன்னீங்க. நீங்க வேணாம்னு சொல்றதை எல்லாம் நான் சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன். பாதி, அதுக்குள்ள தானாக் கெட்டுப்போயிடும். நம்ம கல்யாணப் பேச்சு வந்தப்பவே, நிலவரம் தெளியட்டும்னு சொன்ன ஆளுதானே நீங்க. எங்கப்பா அதை ஒரு வாரம் வச்சிருந்து பாத்தாரு."

வானிலை தொலைபேசியைத் தானே எடுத்து, தன் வாழ்நாளில் இரண்டாவது முறையாக, 'சரி' என்றார்.

மாதக் கடைசிக்குள் இயந்திரம் வந்து இறங்கியது. அலமாரி அளவுதான் இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்று வானிலைக்கே வெட்கமாக இருந்தது. கம்பியைக் கொடுத்தால், மூச்சுவிடும் சத்தத்தில் ஸ்பிரிங்குகளை உதிர்த்தது. மேஸ்திரி முதல் இரண்டு நாள் சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கே தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு திரையைத் தொட்டால் போதும் என்று கற்றுக்கொண்டார். பழக்கதோஷத்தில் கொஞ்சம் பலமாகவே தொட்டார். பூட்டுக் கம்பெனி மேடம் வந்து, ஏழெட்டு ஸ்பிரிங்கை எடுத்து மேசையில் நிறுத்தினார். படிக்கட்டு இல்லை. தரை மாதிரி இருந்தது. இன்னும் ஏழெட்டை எடுத்து அளந்துவிட்டுக் கருவியைப் பைக்குள் போட்டார்.

"இரட்டைப் பிள்ளைங்கதான்," என்றார். "அடுத்த வருஷ ஆர்டரும் உங்களுக்கே."

பதினான்கு பேரும் அன்று கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டார்கள். பட்டறையில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பது அதுதான் முதல் தடவை. இதுவரை தங்களைப் பற்றி யார் யார் என்னென்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் முற்பகலில் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. சம்பந்தி. கையில் ஒரு பை ஆப்பிள். வானிலை ஆரஞ்சு கொண்டுபோன அதே பை. தலையை ஒட்ட வாரியிருந்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து வானிலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இருங்க சம்பந்தி."

"என்னாச்சு?"

"நீங்க மறைச்சாலும் எனக்குத் தெரியும். மூணு நாளா ஒரு டக்கு இல்ல, ஒரு டடக்கு இல்ல. சுவர்ல காதை வச்சுப் பாத்தேன், சுடுகாடு மாதிரி இருக்கு. உங்களுக்கே இந்தக் கதின்னா நாடு என்ன ஆகப்போகுது? காகித உருளைக்கு ஆர்டர் போட்டிருந்தேன், இன்னைக்கு அதை நிறுத்தச் சொல்லிடலாம்னு இருக்கேன். ஆளையும் கொஞ்சம் குறைக்கணும்."

வானிலை அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இயந்திரத்தைக் காட்டினார். சம்பந்தி அதைச் சுற்றி வந்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். உதிரும் ஸ்பிரிங்குகளைப் பார்த்தார். நிம்மதி வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

"எல்லாம் சரி சம்பந்தி. இனிமே நான் எதை நம்பி முடிவெடுக்கிறது?"

இந்தக் கேள்வியின் கனம் வானிலைக்கு மட்டும்தான் புரியும். காலையில் முற்றத்தில் நின்று வெறும் காற்றை இழுத்துவிட்டு, என்ன அறிக்கை சொல்வது என்று தெரியாமல் அவரும்தான் திணறிக்கொண்டிருந்தார். பழைய இரும்புக்காரர் பெரியம்மாவை ஏற்றிப்போகச் சாயங்காலம் வருவதாக இருந்தது. வானிலை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

"மேஸ்திரி, நாளையிலிருந்து காலையில ஒரு மணி நேரம் பெரியம்மாவை ஓட்டுங்க."

"கம்பி எந்த அளவு போடணும் மொதலாளி?"

"கம்பி எதுக்கு? சும்மா ஓட்டுங்க. பக்கத்துல பதற்றமாகாம இருக்கணும்."

மறுநாள் காலை. பெரியம்மா கம்பி இல்லாமல் டக்கு டடக்கு என்று அடித்துக்கொண்டிருந்தது. வானிலை பழக்கத்தில் சுவர் பக்கம் முகத்தை உயர்த்தினார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். பசை வாசனை வந்தது. முன்பைவிடத் தூக்கலாகவே வந்தது. டக்குக்கும் டடக்குக்கும் இடைவெளியில், சுவருக்கு அந்தப் பக்கம், எதையும் ஒட்டப்போகாத அண்டாவை யாரோ மும்முரமாகக் கிண்டும் சத்தமும் கேட்டது. ஷூ போட்ட கால் மாற்றி நிற்கும் சத்தம்கூடக் கேட்டது போலிருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேஸ்திரி? சந்தை எழுந்திரிச்சிடுச்சு. ரெண்டாவது மெஷினுக்கு எங்க இடம் விடலாம்னு பாருங்க."

"அது உங்களுக்காகச் சும்மாக் காய்ச்சறதுங்க," என்றார் மனைவி உள்ளிருந்து.

"தெரியும். வாசனை வாசனைதானே?" அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டு, இன்னொண்ணு இருக்கான்னு கேளேன்."

மனைவி தொலைபேசியைப் பார்த்தார். ஃபேக்ஸின்மேல் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்," என்றார்.